வொர்க் என்றால் வேலைதானா? ஒரே பக்கத்தில் 11 தடவை வந்து உயிரை எடுக்கிறது

அரைப்புள்ளி

வணக்கம் மக்களே. பழைய கடிகாரங்களைப் பழுதுபார்ப்பது பற்றிய ஓர் ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு பக்கத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் 'வொர்க்' 11 தடவை வருகிறது. எழுதியவருக்கு அது ஒரு சொல், எனக்கு 11 தலைவலி.

சிலதை மட்டும் சொல்கிறேன். கடிகாரம் 'வொர்க்' ஆகவில்லை என்று தொடங்குகிறார். பின்மூடியைக் கழற்றினால் 'வொர்க்ஸ்' தெரியும் என்கிறார். சுருள்வில் உராய்வை எதிர்த்து 'வொர்க்' செய்கிறது. ஒரு திருகாணி 'வொர்க்' ஆகி லூஸாகிவிட்டது. எண்ணெயை அச்சுக்குள் 'வொர்க்' பண்ண வேண்டும். கடைசியில், வெளிச்சட்டம் 'ராட்' இரும்பு, நல்ல கொல்லனின் 'வொர்க்' என்று முடிக்கிறார்.

முதல் வரைவில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் வேலை என்றே போட்டேன். 'திருகாணி வேலை செய்து தளர்ந்துவிட்டது' என்று வாய்விட்டுப் படித்ததும் நானே சிரித்துவிட்டேன். ஓவர்டைம் பார்த்துக் களைத்துப்போன திருகாணி!

இந்தச் சொல்லுக்கு அடியில் ஒரே பொருள் ஏதாவது ஓடுகிறதா? அது பிடிபட்டால் கிளைகளைச் சமாளித்துவிடுவேன். வேர்ச்சொல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

ஞாயிறுதூக்கம்

வேர் எல்லாம் தெரியாது அக்கா. பொருள் தெரியும். வொர்க் என்றால் செய்ய மனசே வராதது.

தேய்ந்தசெருப்பு

தூக்கம் தம்பி விளையாட்டாகச் சொன்னாலும், ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான். மனசு வராதது, முதுகு ஒடிவது, வேறு வழியில்லாமல் செய்வது என்ற பொருளெல்லாம் இந்தச் சொல்லில் முதலில் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'வெயோர்க்' என்று இருந்தது. செய்த செயல், செய்து முடித்த பொருள் இரண்டும் அதற்குள் அடக்கம். கட்டிய மதிலும் வெயோர்க், நோன்பு இருந்தாலும் வெயோர்க், கொலை செய்தாலும் வெயோர்க். நல்லது கெட்டது, சுகம் துன்பம் எதையும் அது சொல்லவில்லை. ஜெர்மனில் 'வெர்க்', டச்சிலும் 'வெர்க்', ஸ்வீடிஷில் 'வெர்க்' என்று எல்லாம் ஒரே குடும்பம்.

வலி வேறு சொற்களில் இருக்கிறது. 'லேபர்' லத்தீனிலிருந்து வந்தது, அங்கேயே அதற்குப் பாடு, துன்பம் என்றுதான் பொருள். பிரசவ வலியை ஆங்கிலத்தில் லேபர் என்பது அதனால்தான். பிரெஞ்சுக்காரர்கள் வேலைக்குச் சொல்லும் 'த்ரவாய்' இன்னும் மோசம். மூன்று கழிகளில் ஆளைக் கட்டி வதைக்கும் 'த்ரிபாலியம்' என்ற கருவியின் பெயரில் கொண்டுபோய்த்தான் வேர் அகராதிகள் அதைச் சேர்க்கின்றன. அதே சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'டிராவல்' ஆனது. அந்தக் காலத்துப் பயணம் அப்படி இருந்திருக்கிறது.

'ரோபோ' கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். செக் மொழியில் 'ரொபோத்தா' என்றால் கூலியில்லாத கட்டாய உழைப்பு. காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில் வரும் செயற்கை ஆட்களுக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப்.

இந்தக் கூட்டத்தில் வொர்க் மட்டும் அடி வாங்காமல் வளர்ந்த பிள்ளை. அதனால்தான் கடிகாரமும் மருந்தும் திட்டமும் ஆங்கிலத்தில் 'வொர்க்' ஆகின்றன, ஒருநாளும் 'லேபர்' ஆவதில்லை.

ஆதிச்சொல்

எல்லோரும் ஐரோப்பாவையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். காதைத் திறந்து கேளுங்கள். வேர்க்க, வொர்க். வேர்க்க வேர்க்கச் செய்வது வொர்க். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஞாயிறுதூக்கம்

அப்போ ஏசி அறையில் செய்வது வொர்க் இல்லையா தோழர்?

வேர்க்கிழங்கு

ஆதிச்சொல் தோழர், கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்காது. கோபப்படாமல் கேளுங்கள்.

சொற்களைச் சேர்க்கும்போது ஒரு ஜோடியின் ஓசையை மட்டும் பார்க்க மாட்டார்கள். அதே மாற்றம் வேறு சொற்களிலும் வரிசையாக நடந்திருக்க வேண்டும். வொர்க்குக்குக் கிரேக்கத்தில் உறவு 'எர்கோன்', செயல் என்று பொருள். ஒன்றில் க, ஒன்றில் அழுத்தமில்லாத க, அதாவது ஆங்கில கே, ஜி எழுத்துகளின் ஓசை. எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். முழங்காலுக்கு லத்தீனில் 'கெனு', ஆங்கிலத்தில் 'நீ'. இன்றும் அதை எழுதும்போது முதலில் ஒரு 'கே' ஊமையாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். லத்தீனில் வயல் 'அகெர்', ஆங்கிலத்தில் 'ஏக்கர்'. லத்தீன், கிரேக்கத்தில் ஜி இருக்கும் இடத்தில் ஆங்கிலக் குடும்பத்தில் கே வரும். தேவதைக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவரான யாக்கோபு கிரிம் 1822இல் இந்த வரிசையை ஒழுங்காக எழுதிவைத்தார்.

முதலில் வரும் வகரம் கிரேக்கத்தில் எங்கே போனது? பழைய கிரேக்கக் கிளைமொழிகளில் 'வெர்கோன்' என்றே இருந்தது, பிறகு உதிர்ந்துவிட்டது. 'வைன்' என்பதற்குக் கிரேக்கம் 'ஒய்னோஸ்' என்பதும் இதே கதைதான்.

தமிழிலிருந்து ஆங்கிலம் போன சொற்கள் இல்லாமல் இல்லை. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது. அவை போன தடம் தெரிகிறது. எந்தக் காலத்தில், எந்த வழியாகப் போயின என்று சொல்லலாம். வேர்க்க எப்போது கப்பல் ஏறியது?

ஆதிச்சொல்

தடம் அழிக்கப்பட்டிருக்கலாம்.

மட்டுறுத்துநர்

தடம் அழிந்த கதைக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். இங்கே அரைப்புள்ளியின் திருகாணி இன்னும் கழன்றே கிடக்கிறது.

வேர்க்கிழங்கு

எர்கோன் என்று வாயெடுத்துவிட்டேன், அதன் குடும்பத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. தினமும் பேசுகிற பாதிச் சொற்களில் இது ஒளிந்திருக்கிறது.

'எனர்ஜி' என்றால் உள்ளே இருக்கும் செயல். 'சர்ஜரி'யைப் பிரித்தால் கை, செயல். 'கெய்ர்' கை, அதோடு எர்கோன். பிரெஞ்சு வழியாக வந்து தேய்ந்து சர்ஜரி ஆகிவிட்டது. ஆங்கிலத்திலேயே கையும் வொர்க்கும் சேர்ந்த 'ஹாண்டிவொர்க்' இருக்கிறது. பொருளளவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒருவர் டாக்டர், இன்னொருவர் கூடை பின்னுகிறார்.

'அலர்ஜி' பழைய சொல் போலத் தெரிந்தாலும் 1906இல் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே என்ற மருத்துவர் கட்டியது. 'அல்லோஸ்' என்றால் வேறு. உடம்பு வழக்கமாகச் செய்வதை விட்டு வேறுமாதிரிச் செய்கிறது என்ற பொருளில். 'ஜார்ஜ்' என்ற பெயர் நிலம், செயல் என்ற இரண்டும் சேர்ந்தது, அதாவது உழவன். அரண்மனையில் இருந்த ஜார்ஜ் மன்னர்கள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

எனக்குப் பிடித்தது ஆர்கான் வாயு. 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டுபிடித்தபோது அது எதோடும் வினைபுரியவில்லை. 'அ' என்றால் இல்லை, எர்கோன் செயல், ஆக 'செயலற்றது', சோம்பேறி. மந்தநிலையைச் சொல்லும் 'லெதார்ஜி'யிலும் அதே சோம்பேறிதான் உட்கார்ந்திருக்கிறான், கூடவே மறதியும்.

தேவாலய வழிபாட்டு முறையை 'லிட்டர்ஜி' என்பார்கள் இல்லையா? அதுவும்தான். பழைய ஏதென்ஸில் பணக்காரர்கள் சொந்தக் காசில் ஒரு போர்க்கப்பலைப் பராமரிப்பது, நாடகக் குழுவை நடத்துவது போன்ற பொதுக்காரியங்களுக்கு அந்தப் பெயர். பிறகுதான் வழிபாட்டுக்குப் போனது.

ஞாயிறுதூக்கம்

இனிமேல் என்னைத் தூங்குமூஞ்சி என்று யாரும் சொல்லக்கூடாது. நான் ஆர்கான். மந்தமான வாயு, உன்னத வாயு.

அரைப்புள்ளி

வேர்க்கிழங்கு, அருமை. ஆனால் எனக்கு 'ராட்' இரும்பு இன்னும் விளங்கவில்லை. அது 'ரைட்' என்ற எழுதும் சொல்லின் பழைய வடிவமா? 'எழுத்து வேலைப்பாடு உள்ள இரும்பு' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன்.

தேய்ந்தசெருப்பு

ஐயையோ, வேண்டாம். எழுத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

'ராட்' என்பது வொர்க்கின் பழைய இறந்தகால வடிவம். 'வொர்க்ட்' பின்னால் ஒழுங்குபடுத்தி வந்தது. பழைய வடிவம் 'வொர்ஹ்ட' என்பது போல ஒலித்தது, பிறகு ரகரம் நகர்ந்து முன்னால் வந்துவிட்டது. நமக்கு இது புதிதில்லை. தசை சதை ஆகவில்லையா? விசிறி சிவிறி ஆகவில்லையா? குதிரையைப் பேச்சில் குருதை என்பதில்லையா? அதே விளையாட்டுதான். ஆங்கிலத்தில் 'பேர்ட்' என்ற பறவையும் ஒருகாலத்தில் 'பிரிட்'.

ஆக ராட் இரும்பு என்றால் சம்மட்டியால் அடித்துச் 'செய்யப்பட்ட' இரும்பு. அச்சில் ஊற்றினால் வார்ப்பிரும்பு. தமிழில் இதற்கு அழகான பெயர் இருக்கிறது, தேனிரும்பு. தைரியமாகப் போடுங்கள்.

ரகரம் நகர்ந்த இன்னொரு பிள்ளை 'ரைட்'. எழுதும் ரைட் இல்லை, சரி என்ற ரைட்டும் இல்லை. 'வ்' ஊமையாக முன்னால் நிற்கும் 'ரைட்', செய்பவன் என்று பொருள். சக்கரம் செய்பவன் 'வீல்ரைட்', கப்பல் செய்பவன் 'ஷிப்ரைட்'. நாடக ஆசிரியர் 'பிளேரைட்' என்பதும் இதுதான். நாடகம் எழுதுகிறவர் என்று நினைத்துப் பலர் எழுத்துப்பிழை விடுவார்கள். அவர் நாடகத்தை எழுதுகிறவரல்ல, தச்சன் போல இழைத்துச் செய்கிறவர். ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயரும் இதேதான். சைக்கிள் கடை வைத்துப் பிறகு விமானம் செய்தவர்களுக்கு 'செய்பவன்' என்று பெயர். தேடிப் பிடித்தாலும் இப்படிப் பொருந்தாது.

1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய தந்தியில் இதே 'ராட்' இருந்தது. விவிலியத்தின் எண்ணாகமத்திலிருந்து எடுத்த வரி, 'கடவுள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்' என்ற வியப்பு. 'கடவுள் என்ன எழுதினார்' என்று இதைப் பெயர்த்தவர்களும் உண்டு, நீங்கள் சொன்ன இரும்புக்காரருக்குச் சொந்தக்காரர்களாக இருக்கும்.

கொசுறு: ஆத்திரத்தில் கொதித்துப்போன ஆளை 'வொர்க்ட் அப்' என்பார்கள், மனசு நைந்துபோனவரை 'ஓவர்ராட்' என்பார்கள். இரண்டிலும் ஒரே வினை, புதிய சட்டை ஒன்று, பழைய சட்டை ஒன்று.

ஆய்வகஎலி

இயற்பியல் பக்கம் நான் வருகிறேன். சுருள்வில் உராய்வை எதிர்த்து 'வொர்க்' செய்கிறது என்ற இடத்தில் மட்டும் 'வேலை' என்பதைக் கைவிட வேண்டாம் அக்கா. அங்கே அது கலைச்சொல். பாடப்புத்தகத்திலும் வேலைதான்.

விசையை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை. 1829இல் பிரெஞ்சுக்காரர் கொரியோலிஸ் இதற்கு 'த்ரவாய்' என்று பெயர் வைத்தார். தேய்ந்தசெருப்பு ஐயா சொன்ன அந்த வதைக் கருவிச் சொல்லேதான்! ஆங்கிலத்துக்கு வரும்போது அது வொர்க் ஆகிவிட்டது. நல்லவேளை.

ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு பையனைக் கூப்பிட்டு இரண்டு செங்கல்லைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்வேன். இரண்டாவது நிமிடத்தில் கை நடுங்கும், நெற்றியில் முத்து முத்தாக நிற்கும். 'நீ செங்கல் மேல் செய்த வேலை 0' என்று கரும்பலகையில் எழுதுவேன். முறைப்பான். கல் நகரவில்லையே! தசை நார்கள் உள்ளே இழுத்து விட்டு இழுத்து விட்டு ஆற்றலைச் செலவழிக்கின்றன, அது வெப்பமாகப் போகிறது, களைப்பு உண்மைதான். ஆனால் கல்லுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றுமில்லை. சுமார் 100 கிராம் எடையுள்ள ஒரு பழத்தை 1 மீட்டர் தூக்கிப் பார், கிட்டத்தட்ட 1 ஜூல், அது வேலை என்பேன்.

ஆக வேர்க்க வேர்க்கப் பிடித்துக்கொண்டு நின்றாலும் வொர்க் இல்லை. ஆதிச்சொல் தோழர் மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று. ஆற்றல் என்றால் வேலை செய்யும் திறன் என்று மனப்பாடம் செய்கிறோமே, எனர்ஜிக்குள்ளேயே வொர்க்கின் கிரேக்கச் சகோதரன் இருப்பது இன்றைக்குத்தான் உறைத்தது. 1807இல் தாமஸ் யங் அந்தச் சொல்லை இயற்பியலுக்கு எடுத்தபோது கிரேக்கம் படித்தவராக இருந்ததில் ஆச்சரியமில்லை.

பழையபேனா

நான் அச்சுப் படி திருத்துகிறவன். ஒரு மாறுகருத்து. வேரெல்லாம் சரி, ஆனால் வேர் தெரிந்தால் மொழிபெயர்ப்பு வந்துவிடுமா? ஆங்கிலம் ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் நீட்டுகிறது. தமிழ் அப்படி இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் வினை இருக்கிறது.

கடிகாரம் ஓடும். விளக்கு எரியும். மருந்து கேட்கும். மந்திரம் பலிக்கும். திட்டம் கைகூடும். தந்திரம் எடுபடும். மாவு புளிக்கும் (அதையும் ஆங்கிலத்தில் வொர்க் என்பார்கள்). இத்தனையும் கையில் இருக்க, 'கடிகாரம் வேலை செய்யவில்லை, மாத்திரை வேலை செய்யவில்லை, ஐடியா வேலை செய்யவில்லை' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைப் பார்த்தாலே கை சிவப்பு மைக்குப் போகிறது.

நள்ளிரவுப்பூனை

சார், மாத்திரை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரிமோட்டுக்கு என்ன சொல்வது? அது ஓடாது, எரியாது, கேட்காது. வீட்டில் எல்லோரும் 'ரிமோட் வேலை செய்யல' என்றுதான் சொல்கிறார்கள், எங்கள் பாட்டி உட்பட. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இதை இன்னும் ஆங்கிலத் தாக்கம் என்று தள்ளிவைக்க முடியுமா? 'இயங்கவில்லை' என்று பாட்டி சொன்னால் அன்றைக்கு டாக்டரிடம் கூட்டிப்போவோம்.

பழையபேனா

ரிமோட்டை விட்டுவிடுகிறேன். பாட்டியோடு சண்டை போட என்னால் ஆகாது. கடிகாரத்தை மட்டும் ஓட விடுங்கள்.

தேய்ந்தசெருப்பு

பேனா சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'வேலை' என்ற சொல்லையே நாம் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். நிகண்டில் வேலை என்றால் கடல், கடற்கரை. 'வேலை சூழ் உலகு' என்று பழம்பாட்டில் பார்த்தால் அலுவலகம் சூழ்ந்த உலகு இல்லை, கடல் சூழ்ந்த உலகு. 'பணி' என்ற சொல்லுக்குள் பணிவு இருக்கிறது, யாரோ ஒருவர் முன்னால் தலை குனிகிறது. 'உழைப்பு' என்றால் உடம்பு தெரிகிறது. வொர்க்கின் பழைய பொருளுக்கு, அந்த வெறும் செய்தலுக்கு, நம்மிடம் நெருங்கி நிற்பவை வினையும் தொழிலும்தான். இலக்கணத்தில் தொழிற்பெயர் என்கிறோமே, 'ஓடுதல்' தொழிற்பெயர், 'தூங்குதல்' கூடத் தொழிற்பெயர். சம்பளம் தரச் சொன்னால் யாரும் தரமாட்டார்கள்.

ஐரோப்பிய இலக்கணத்தில் 'வெர்ப்' என்றால் லத்தீனில் வெறும் 'சொல்' என்று பொருள். தொல்காப்பியத்தில் அதற்கு வினை என்று பெயர், அதற்கென்றே வினையியல் என்று ஓர் இயல். எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, ஒளிப்பானேன்.

ஞாயிறுதூக்கம்

பத்தாம் வகுப்பில் 'செய்வினை என்றால் என்ன' என்று கேட்டார்கள். எலுமிச்சம்பழம், குங்குமம் என்று எழுதி வைத்தேன். வாத்தியார் செயப்பாட்டுவினை ஆக்கிவிட்டார்.

அரைப்புள்ளி

சிரித்து முடியவில்லை. சரி, பாதி தீர்ந்தது. கடிகாரம் ஓடவில்லை, சுருள்வில் வேலை செய்கிறது, தேனிரும்பு, கொல்லனின் கைவண்ணம். மிச்சம் மூன்று: திருகாணி, எண்ணெய், அப்புறம் அந்த 'வொர்க்ஸ்'.

நள்ளிரவுப்பூனை

திருகாணிக்கு ஒரு யோசனை. அந்த வாக்கியத்தில் வொர்க் சொல்வது 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதைத்தானே? ஒரே நாளில் கழலவில்லை. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு மயிரிழை. தமிழில் அதற்குத் தனிச்சொல் தேவையில்லை, வினையை இரண்டு தடவை சொன்னால் போதும். 'திருகாணி ஆடி ஆடிக் கழன்றுவிட்டது.' எண்ணெயும் அப்படித்தான். அச்சை முன்னும் பின்னும் 'அசைத்து அசைத்து' எண்ணெயை உள்ளே இறக்க வேண்டும்.

பழையபேனா

பூனைக்கு ஒரு கும்பிடு. 30 வருடமாகப் படி திருத்துகிறேன், இப்படி யோசித்ததில்லை. ஆங்கிலம் ஒரு வொர்க்கைச் சேர்த்துச் சொல்வதை நாம் எச்சத்தை அடுக்கிச் சொல்கிறோம். கெஞ்சிக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தான், தடவித் தடவிக் கதவுக்கு வந்தான். இந்த இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் வொர்க் போட முடியும்.

அரைப்புள்ளி

'ஆடி ஆடி' எடுத்துக்கொண்டேன். 'வொர்க்ஸ்' மட்டும்தான் இனி. 'உள்ளுறுப்புகள்' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் குடல், கல்லீரல் ஞாபகம் வருகிறது. 'இயங்கமைப்பு' என்றால் நள்ளிரவுப்பூனையின் பாட்டி டாக்டரிடம் போக வேண்டி வரும்.

வேர்க்கிழங்கு

பென்சிலை அழிக்காதீர்கள்! நான் குடும்பப் பட்டியலில் ஒருவரை விட்டுவிட்டேன். உடலுறுப்பைச் சொல்லும் 'ஆர்கன்'. கிரேக்கத்தில் 'ஓர்கனோன்', எர்கோன் வேரிலேயே பிறந்தது. செய்வதற்கான கருவி என்றுதான் முதல் பொருள், உடம்புக்குப் பிறகு போனது. தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கனும் அதே கருவிதான். கடிகாரத்தின் 'வொர்க்ஸ்'க்கு உறுப்பு என்றால், வேரில் ஒரே வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறீர்கள்.

அரைப்புள்ளி

'பின்மூடியைக் கழற்றினால் உள்ளுறுப்புகள் தெரியும். அவற்றில் ஏதாவதொரு திருகாணி ஆடி ஆடிக் கழன்றிருக்கும்.'

பென்சில் மேலேயே மை போட்டுவிட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 'ரன்' 9 தடவை.

ஞாயிறுதூக்கம்

ஓடிவிடுங்கள் அக்கா.